சாமிகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

சேர்வராயன் மலை ஊர்களின் ஊர்க்கவுண்டர்களுக்கும், பூசாரிகளுக்கும், திருவிழா வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்யும் தம்பி தங்கைகளுக்கும்,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாகலூரோ செம்மநத்தமோ மாரமங்கலமோ காக்கம்பாடியோ, உங்கள் ஊர் எதுவானாலும் அங்குள்ள கோயிலின் ஒவ்வொரு சாமியையும் படம் எடுத்து, அளந்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெண்கலம், கல், மரம், எதையும் விட்டுவிட வேண்டாம். ஊர் எல்லையில் நிற்கும் நடுகல்லும், பிள்ளையார் மேடையில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் வழவழப்பான பழைய கற்கோடரிகளும் அந்தக் கணக்கில் வர வேண்டும். இந்த ஆண்டே செய்ய வேண்டும். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள் என்பது உங்கள் மலையின் வழிவழிக் கதை. கரிராமன் காஞ்சியை விட்டுக் கிளம்ப, அவர் பின்னால் அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பத்தோடு புறப்பட்டார்கள், அவர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலையேறினார் என்று சொல்வீர்கள். அதே காஞ்சியிலிருந்து வேறு சில தெய்வங்களும் கிளம்பின. அவை தாமாகக் கிளம்பவில்லை. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கப்பட்ட யோகினிகள் அவை. 1920-களின் நடுவில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரய் அவற்றைத் திரட்டினார். அவரிடமிருந்து பாரிஸ் நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவின் கைக்கு அவை போயின.

இந்த லூ சீனாவிலிருந்து இளவயதில் பிரான்சுக்குப் போனவர். பாரிஸின் கூர்செல் தெருவில் சிவப்புப் பகோடா வடிவில் ஒரு மாளிகை எழுப்பி, கீழைநாட்டுச் சிற்பங்களை ஐரோப்பிய, அமெரிக்கச் செல்வர்களுக்கு விற்றார். அவருக்குப் பின் பாரிஸ் கடையை மகள் நடத்தினார். யோகினிகள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். இன்று ஒருத்தி பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில், இன்னும் சிலர் டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொரண்டோ என்று இருக்கிறார்கள். ஒரே கோயிலில் உட்கார்ந்திருந்த சகோதரிகள் இன்று குறைந்தது நான்கு நாடுகளில் தனித்தனி அறைகளில். நம் சென்னை அருங்காட்சியகத்தில் மிஞ்சியது சொற்பம்.

எனக்கு இதில் பொறுக்கமுடியாத இடம் ஒன்று உண்டு. அந்தக் கோயில் காஞ்சிப் பகுதியில் சரியாக எந்த இடத்தில் இருந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. சிலைகள் எந்த அறையில் எந்தக் கண்ணாடிக்குள் இருக்கின்றன என்று விரல் வைத்துச் சொல்லலாம். அவை எந்த ஊர்ச் சாமி என்று சொல்ல முடியாது. ஊர் தெரியாததால் உரிமை கேட்க ஓர் ஊரும் இல்லை.

கலைப்பொருள் வணிகத்தில் தலைமுறைக் குடும்பங்கள் எப்படி வளர்கின்றன என்று பார்த்தால் இந்த நிலைமையின் வேர் புரியும். உலகிலேயே பேர்பெற்றது வில்டன்ஸ்டீன் குடும்பம். 1870-71 போரில் பிரஷ்யா அல்சாஸ் பகுதியைப் பிடித்தபோது அங்கிருந்து வெளியேறிய நாத்தான் வில்டன்ஸ்டீன், துணித் தொழிலில் இருந்தவர், 1875 முதல் பழைய ஓவியங்களை வாங்கி விற்கத் தொடங்கினார். 1903-ல் நியூயார்க்கில் கிளை. பிறகு மகன் ஜார்ஜ், பேரன் தனியேல், கொள்ளுப்பேரர்கள் அலெக், கை. அவர்கள் கிட்டங்கியில் இருந்த ஓவியங்களைப் பற்றி ஊர் பேசியது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய சொத்து அவர்களுடைய ஆவணக்கூடம்தான். எந்த ஓவியம் எந்த ஆண்டு யார் வீட்டுச் சுவரில் தொங்கியது, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், எந்த ஏலத்தில் என்ன விலை என்று படமும் கடிதமுமாக ஒரு நூற்றாண்டுக் கணக்கு. மோனே வரைந்த ஓவியங்களின் முழுப் பட்டியலைத் தனியேல்தான் பல தொகுதிகளாக வெளியிட்டார். எது உண்மையான மோனே என்பதை உலகம் அந்தக் குடும்பத்தின் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அது பெரிய பணி, மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் வரலாறாகிறது. தனியேல் 2001-ல் இறந்தபின் வாரிசுச் சொத்தை வெளிநாட்டு அறக்கட்டளைகளில் மறைத்து வரி ஏய்த்ததாக வழக்கு வந்தது. கை இருமுறை விடுதலையாகி, மறுவிசாரணையில் 2024-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். அத்தனை கணக்கு எழுதிய வீட்டில் அரசுக்குக் காட்டவேண்டிய கணக்கு மட்டும் மறைந்திருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பர்ஷோத்தம் ராம் கபூர் தில்லியில் பழம்பொருள் வணிகம் செய்தவர். அவர் மகன் சுபாஷ் கபூர் தந்தையிடம் தொழில் பழகி, 1970-களில் அமெரிக்கா போய், பின்னர் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற காட்சிக்கூடத்தை நடத்தினார். பளபளக்கும் அட்டையோடு விற்பனைப் பட்டியல்கள் அச்சிடுவார். அருங்காட்சியகங்களுக்கு விற்பார், சிலவற்றை அன்பளிப்பாகவும் கொடுப்பார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, சிங்கப்பூர் என்று அவரிடம் வாங்கிய அருங்காட்சியகங்கள் பல.

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானில் சோழர் காலத்து பிரகதீசுவரர் கோயில் இருக்கிறது. வழிபாடு நின்று பூட்டிக்கிடந்த கோயில். 2006-ல் திருடர்கள் அங்கே நுழைந்தார்கள். நடராசர் போனார், வேறு வெண்கலங்களும் போயின. ஊருக்குத் தெரியவந்தது 2008-ல். இரண்டு வருடம், பூட்டிய கதவுக்கு உள்ளே சாமி இருக்கிறார் என்ற நம்பிக்கையில் மக்கள் வெளியிலிருந்து கும்பிட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பூசைக்கு வருமானம் இல்லாமல், பூசாரிக்குச் சம்பளம் இல்லாமல், அந்தக் கோயிலைக் கைவிட்டது அந்த ஊர் மட்டுமா?

ஊருக்குத் திருட்டு தெரியும் முன்பே, 2008 தொடக்கத்தில், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை கபூரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிவிட்டது. வாங்கும்போது அவர்கள் தாள் கேட்காமல் இல்லை. தாள் இருந்தது. சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவர் 1970-களின் தொடக்கத்தில் தில்லியில் இந்தச் சிலையை வாங்கினார், அதன்பின் அவர் குடும்பத்திடமே இருந்தது என்று சொன்ன தாள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையை சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் வாங்கியபோது, தில்லிக் கடை ஒன்று 1970-ல் கொடுத்ததாக ஒரு ரசீது காட்டப்பட்டது. இரண்டும் பொய். ஆண்டைக் கவனியுங்கள். தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் இயற்றப்பட்டது 1972-ல். அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போன பொருள் என்று காட்டத்தான் அத்தனை பாடு. கபூருடைய கடையின் மேலாளர் 2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வரலாற்றுத் தாள்களைப் பொய்யாக உண்டாக்கியதும் அதில் அடக்கம்.

வணிகனிடம் பொய்க் கணக்காவது இருந்தது. ஊரிடம் எந்தக் கணக்கும் இல்லை. அப்படியானால் அந்தச் சாமிகள் எப்படித் திரும்பின?

படத்தால் திரும்பின. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்து, ஊர்ப்பெயர் எழுதி, அட்டவணை போட்டு வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். சிறீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் அதில் இருந்தார்கள், தத்தம் கோயிலிலேயே. ஆஸ்திரேலியாவில் இருந்த சிலையின் படத்தையும் புதுச்சேரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வார்ப்பில் நேர்ந்த சிறு குறை, ஒரு தழும்பு, சுடரின் வளைவு எல்லாம் ஒத்துப்போயின. சிங்கப்பூரில் கப்பல் நிறுவன வேலை பார்த்துக்கொண்டே இதை ஒரு தவமாகச் செய்துவந்த விஜயகுமார் போன்ற தன்னார்வலர்கள் உலகெங்கும் இப்படிப் படத்தோடு படம் வைத்துப் பார்த்தார்கள். 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் தில்லிக்கு வந்து இரு சிலைகளையும் இந்தியப் பிரதமரிடம் கொடுத்தார்.

கபூரை 2011 அக்டோபர் 30 அன்று பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் ஜெர்மன் காவல்துறை பிடித்தது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அரியலூர் மாவட்டச் சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவருடைய வலைப்பின்னலில் இருந்து நியூயார்க் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2011 முதல் 2022 வரை மீட்ட பொருள்கள் 2,500-க்கும் மேல். மதிப்பு 14.3 கோடி டாலருக்கும் மேல். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் ஊர் இருக்கிறது. எத்தனை ஊர்களிடம் படம் இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பத்தூர் கதையையும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 1976-ல் தஞ்சைப் பக்கம் பத்தூரில் ஒரு கூலித்தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது நடராசர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போனார். 1982-ல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் என்ற எண்ணெய் நிறுவனம் அவரை வாங்கியது. சிலையைத் துப்புரவு செய்ய அனுப்பிய இடத்தில் லண்டன் காவல்துறை கைப்பற்றியது. வழக்கில் வாதிகளில் ஒருவராகப் பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே நிறுத்தப்பட்டது! தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். 1991-ல் கோயிலுக்கே உரிமை என்று தீர்ப்பாகி நடராசர் திரும்பினார். தமிழ்நாட்டு ஊரின் பாழடைந்த கோயிலில் நிற்கும் ஒரு கல், இங்கிலாந்து நீதிமன்றத்தில் உரிமை கேட்டு வென்றது. அது நடந்தது கோயிலும் சாமியும் ஓர் ஊருக்கு உரியவை என்று ஆதாரத்தோடு காட்ட ஆள் இருந்ததால்.

சோழநாட்டுக் கதையை மலையில் வந்து எதற்குச் சொல்கிறாய் என்று கேட்கலாம். உங்கள் கோயில்களில் பெரிய வெண்கலங்கள் அதிகம் இல்லாமல் இருக்கலாம். 1,600 மீட்டருக்கு மேல் நிற்கும் சேர்வராயன் உச்சியின் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் அந்தத் தாழ்ந்த கருவறைக்கு அமெரிக்கக் காட்சிக்கூடத்தில் விலை போட மாட்டார்கள் என்றும் தோன்றலாம். ஆனால் சந்தையின் ருசி மாறிக்கொண்டே இருக்கிறது. சோழ வெண்கலத்துக்குச் சட்டமும் காவலும் கெடுபிடி ஆனபின், பார்வை கிராமத்துச் சாமிகள் பக்கம், மரச்சிற்பம் பக்கம், சடங்கு விளக்குகள் பக்கம் திரும்பாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? பெரிய கோயிலுக்கு இரும்புக் கதவும் கேமராவும் வரும். மலையுச்சியில் மரத்தடிப் பிள்ளையாருக்கு வருவது கடினம்.

உங்கள் மலையில் கணக்கு எழுதி வைத்த ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் இராபர்ட் புரூஸ் பூட், ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தபின் அவருடைய அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டது. அவர் சேர்த்த கற்கருவிகளில் சேர்வராயன் மலையில் கிடைத்த மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளும் உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதினார். அந்தத் தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. பட்டியல் அவர் மறைவுக்குப் பின் 1914-லும் 1916-லும் அச்சேறியது. நூறு ஆண்டுக்குப் பின்னும் அந்தக் கற்கள் எந்த மலையுடையவை என்று யாரும் தகராறு செய்ய முடியாது. நீங்கள் சாமியாக வைத்துக் கும்பிடும் அதே வகைக் கற்களுக்கு அப்படி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவர் எழுதிய கணக்கு அருங்காட்சியகத்துக்கானது. நான் கேட்பது ஊரின் கணக்கை ஊரே எழுதவேண்டும் என்று.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. படம் எடுத்து எழுதிக்கொடுத்தால் அரசு வந்து சாமியைத் தூக்கிப் போய்விடும் என்ற பயம். அதில் நியாயம் இருக்கிறது. சிறீபுரந்தான் நடராசர் நாடு திரும்பியபின் கும்பகோணத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். பூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் சாமிகளைப் பார்த்து மனம் நொந்தவர்கள் எத்தனையோ பேர். கோயிலில் பாதுகாப்பைக் கூட்டி ஊரிலேயே வைப்பதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் 1972 சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களைப் பதிவு செய்வதால் மட்டும் அவை அரசுடைமை ஆகிவிடாது. சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும், பொருள் உங்கள் இடத்தில் இருக்கும். மண்ணுக்குள்ளிருந்து புதிதாகக் கிடைப்பது வேறு விஷயம். அதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். பதிவுக்குப் போவதா என்று ஊர்கூடிப் பேசி முடிவெடுங்கள். நோட்டு எழுதுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

எப்படிச் செய்வது? முதலில் சாமியிடம் பூக் கேட்டு உத்தரவு வாங்குங்கள். அது இல்லாமல் செய்தால் ஊரில் பாதிப்பேர் மனதுக்கு ஒப்பாது, வேலை நடுவில் நின்றுபோகும். அலங்காரம் களைந்திருக்கும் நேரத்தில் முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் நல்லது. உடைந்த விரல், தேய்ந்த மூக்கு, பழைய ஒட்டுப்போட்ட இடம், எண்ணெய் படிந்து கறுத்த தழும்பு, இவற்றை நெருங்கி எடுக்க மறக்காதீர்கள். அழகான முகம் போலியிலும் இருக்கும், அந்தக் குறை இருக்காது. உயரம், அகலம், என்ன பொருளால் ஆனது, என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள், எந்தக் குடும்பம் பூசை செய்கிறது, எந்த நாளில் எடுத்த படம் என்று எழுதுங்கள். வயதான பூசாரிகளுக்குத் தெரிந்த கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

படங்களை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போட வேண்டாம். கோயிலுக்கு யாரும் காவல் இல்லை என்பதையும் சேர்த்து ஊருக்குச் சொல்வதாகிவிடும். அச்சடித்த பிரதி ஒன்று பூசாரி வீட்டில் இருக்கட்டும், ஒன்று ஊர்ப் பொதுப் பெட்டியில் இருக்கட்டும். இன்னொன்றை மலைக்குக் கீழே, சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ நீங்கள் நம்பும் ஒரு கல்லூரியிலோ கொடுத்து வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஏதாவது காணாமல் போனால் அன்றைக்கே ஏற்காடு காவல் நிலையத்தில் புகார் எழுதி, படத்தின் நகலை அதோடு சேர்த்துக் கொடுங்கள். 1983-ல் தொடங்கிய சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைத்தால், அந்த நாட்களில் பொருள் துறைமுகம் தாண்டிவிடும்.

பழைய பித்தளை, பழைய கல், பழைய மரச்சாமான் கேட்டு யாராவது வந்தால் அவர் கேட்ட பொருளையும் வண்டி எண்ணையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். குறித்து வைப்பதால் நல்லவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

மே மாதத் திருவிழாவுக்கு எல்லா ஊர்களும் சேர்வராயன் உச்சிக்கு வருவீர்கள். அதற்குள் ஊருக்கு ஒரு நோட்டு முடித்துக் கொண்டுவாருங்கள். நாகலூர் நோட்டில் செம்மநத்தத்துக் கவுண்டரும், செம்மநத்தத்து நோட்டில் மாரமங்கலத்துக் கவுண்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பக்கத்து ஊரே சாட்சி நிற்கும் அந்தத் தாளை எந்த நீதிமன்றத்திலும் காட்டலாம். இத்தனை ஆண்டுக்கு முன்பே இது இவர்கள் சாமி என்று சொல்ல உங்களிடம் தாள் இருக்கும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், கேமரா அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

அன்பும் மரியாதையுமாக,
சேலத்திலிருந்து உங்களில் ஒருவர்